சத்தமில்லாமல் வந்த மொறிஸ் மைனர்

என் கணவரின் பழைய மொறிஸ் மைனரில், எஞ்சினிலிருந்து புகையை வெளியேற்றும் குழாய் வெடித்துப் பல மாதங்கள். கார் சந்தியில் திரும்பும்போதே வீட்டுக்குக் கேட்கும். அதோடு நான் தங்கச்சியுடனான தொலைபேசிக் கதையை முடித்துக்கொள்வேன்.

இன்று மானிப்பாய் கராச்சில் புதுக் குழாய் பூட்டப் போனார். எதை வாங்குவதென்று அவ்வளவு நாள் யோசித்தவர்.

பின்னேரம் தங்கச்சியிடம் சொன்னேன்: "அந்தாளுக்குக் கார்தானடி பெண்சாதி. நான் சமைக்க வந்தவள்."

அவள் சிரித்தாள். நான் இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சொன்னேன்.

திரும்பினால் குசினி வாசலில் அவர். கையெல்லாம் கரி.

"எப்பவப்பா வந்தனீங்கள்? சத்தமே கேக்கேல்லை!"

"கேக்காது. எனக்கு விருப்பம் உறுமுற குழாய்தான். உமக்குத் தலையிடியெண்டு சத்தமில்லாததா எடுத்தனான்."

கோபமே இல்லாமல் சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போனார். கோபித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மன்னிப்புக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் என் கதையில் எந்த இடத்திலிருந்து அவர் காதில் விழுந்ததென்று தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் மன்னிப்புக் கேட்டால், விழாததையும் நானே சொல்லிக்கொடுத்ததாகிவிடும்.

கலியாணம் கட்டி அனுபவப்பட்டவர்கள் ஒரு வழி சொல்லுங்கள். கொஞ்சம் கெதியாக. அவர் தலை துவட்டுகிறார்.