டீ பிரேக் முடிவதற்குள்

தொண்டை ஆபரேஷனில் என் வீட்டுக்காரருக்குக் குரல் போய்விட்டது. ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கும் மகள் டீ பிரேக்கில் கூப்பிடும்போது அவருக்கென்று ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். ஆமாம் என்றால் போனை ஒரு தட்டு, இல்லை என்றால் இரண்டு. மாத்திரை போட்டாரா என்று கேட்பாள், ஒரு தட்டு. பதில் சொல்ல முடிந்ததே தவிர, அவரால் ஒரு கேள்வியும் கேட்க முடியவில்லை. பார்க்கவே எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

பர்கூரில் நான் வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் லேபில் கழித்துப் போட்ட பழைய லினக்ஸ் கம்ப்யூட்டர் பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தேன். டைப் அடிப்பதை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருள் அதில் உண்டு. போனிலேயே செய்யலாமே என்றார்கள் லேபில். அந்தச் சின்ன எழுத்து அவர் கண்ணுக்குப் பிடிபடாது. ஆனால் பெட்டி மகா சோம்பேறி. மென்பொருளைத் திறந்தே வைத்தால் உறைந்துபோகும். கூப்பிட்டபின் திறந்தாலோ, அது கண் விழிப்பதற்குள் பிரேக் முடிந்து மகள் அசெம்பிளி லைனுக்கு ஓடியிருப்பாள்.

திறக்கும் ஒவ்வொரு முறையும் அது தனக்கு வேண்டிய பொதுக் கோப்புகளைத் தேடித் தேடி இணைத்துக்கொண்டிருந்தது. கல்யாண வீட்டில் முதல் நாளே காய் நறுக்கி வைப்பதுபோல அந்த இணைப்பை முன்கூட்டியே செய்துவைக்க 'ப்ரீலிங்க்' என்று ஒன்று இருக்கிறது. கோப்புகள் மாறினால் இணைப்பும் பழசாகிவிடும் என்பதால் அது தினமும் ஓட வேண்டும். அதற்கு ஏற்கெனவே குறித்திருந்த நேரம் விடியற்காலை. இரவில் சுவிட்சை அணைத்துவிடும் எங்கள் வீட்டில் அப்போது பெட்டிக்கு ஏது கரண்ட்? அவர் குளிக்கப் போகும் நேரத்துக்கு மாற்றிவைத்தேன்.

மறுநாள் போன் வந்தது. வழக்கம்போல நான்தான் முதலில் சாப்பிட்டாயா என்றேன். சாப்பிட்டேன் என்றாள், தினமும் சொல்வதுபோல. அதற்குள் மென்பொருள் திறந்துவிட்டது! எங்கள் வீட்டுப் பேச்சு தெலுங்கு, படிப்பு தமிழ். அவர் தெலுங்கைத் தமிழ் எழுத்தில் தட்டித் தட்டி அடித்தார். பெட்டி அதைச் செய்தி வாசிப்பதுபோல விறைப்பாகப் படித்தது.

"தின்னாவா தல்லி?"

சாப்பிட்டாயா அம்மா என்று அதே கேள்விதான். எனக்குச் சிரிப்பு வந்தது.

"லேது நாயனா," என்றாள் மகள். நாயனா என்றால் அப்பா. சாப்பிடவில்லையாம். இரண்டு நாளாகக் காய்ச்சலாம், வாயில் எதுவும் இறங்கவில்லையாம். சொல்லிவிட்டு அழுதாள்.

அடுத்து என்ன அடிக்கப் போகிறார் என்று திரும்பிப் பார்த்தேன். அவர் பெட்டியை விட்டு எழுந்து, ஓசூர் பஸ்ஸுக்குச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார்.