வயலின் எழுந்து போன ஞாயிறுகள்

எங்கள் வீட்டுக் கார் அப்பாவுடையது; ஓட்டியது அத்தை. அப்பாவின் மூக்குக் கண்ணாடியின் கனத்தைப் பார்த்தே அவருக்கு லைசென்ஸ் கொடுக்க மறுத்துவிட்டார்கள். கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுத்த அப்பாவிடம், ஓய்வு பெற்றுத் திருச்சிக்குப் போன பிரின்சிபால் தன் பழைய அம்பாசடரைக் கிட்டத்தட்ட தானமாகவே தந்துவிட்டுப் போயிருந்தார். வாசலில் நின்ற வண்டியைச் சில வாரங்கள் துடைத்துத் துடைத்துப் பார்த்த அப்பா, கடைசியில் தன் தங்கையிடம், "நீ கத்துக்கறியா?" என்று கேட்டார். அத்தை அன்று சாயங்காலமே டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்துவிட்டாள். மயிலாப்பூர் மாட வீதிகளில், தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் ஸ்டியரிங்கைத் திருப்ப, பின்சீட்டில் மடியில் குடையுடன் அப்பா உட்கார்ந்திருப்பது அந்தக் காலத்தில் எல்லோரும் நின்று பார்க்கிற காட்சி.

அத்தைக்கு அப்போது முப்பது தாண்டியிருந்தது. மவுண்ட் ரோட்டில் வேலை. ஓரிடத்தில் உட்கார அவளுக்கு வராது. சாப்பிடும்போதே எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவாள். சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தால், புழுங்குகிறது என்று திறக்கப் போவாள். புத்தகத்தை நின்றுகொண்டு படிப்பாள். ஜாதகங்கள் வருவதும் போவதுமாக இருந்தன. ஒவ்வொன்று திரும்பிப் போன அன்றும் மொட்டை மாடிக்குப் போய், காய்ந்த துணியையே மறுபடி உதறிக் காயப் போடுவாள்.

காரில், கம்பெனியிலிருந்து வரும்போதே பொருத்தியிருந்த ஒரு ரேடியோ இருந்தது. அதற்கு ஒரே ஒரு ஸ்பீக்கர், டிரைவரின் முழங்காலுக்குப் பக்கத்தில். பின்சீட்டு அப்பாவுக்குச் செய்தி வாசிப்பவர் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோலக் கேட்கும். அத்தை ஹாரன் அடித்தால் செய்திக்கு விக்கல் எடுக்கும். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் எஞ்சினும் கூடவே சுருதி சேர்த்துப் பாடும். அப்பா அதையெல்லாம் பொறுத்துக்கொண்டுதான் இருந்தார், கல்லூரி நண்பர் ஒருவர் தன் புதுக் காரில் அவரை அடையாறுவரை கூட்டிக்கொண்டு போய்வரும்வரை. அந்தக் காரில் கேஸட் பாடியது. இரண்டு ஸ்பீக்கர். "இந்தக் காதுல மிருதங்கம், இந்தக் காதுல வயலின், நடுவுல பாட்டு. மேடையில உக்காந்துண்டு கேக்கறாப்ல இருக்கு" என்று அப்பா வீட்டுக்கு வந்து எங்கள் ஒவ்வொருவரின் காதையும் தொட்டுக் காட்டினார்.

ரிச்சி தெரு ரேடியோக் கடைகளில் விலை விசாரித்துவிட்டு அவர் வெறுங்கையோடு திரும்பி வந்தார். அத்தைதான் சொன்னாள்.

"சிந்தாதிரிப்பேட்டையில ஒருத்தர் இருக்கார், அண்ணா. எங்க ஆபீஸ் ஆண்டு விழாவுக்கு மைக் செட் போட வந்தார். பழசா வாங்கி, சரி பண்ணிப் பொருத்திக் கொடுப்பாராம். நம்மால முடிஞ்ச அளவுக்கு."

ஞாயிறு மத்தியானம் அப்பாவுக்கு வீட்டில் டியூஷன். அத்தை காரை எடுத்துக்கொண்டு போவது என்று முடிவாயிற்று. வயசுப் பெண் கடைத்தெருவுக்குத் தனியாகப் போகக்கூடாது என்று அம்மா சொன்னதால், காவலுக்கு என்னை அனுப்பினார்கள். எனக்குப் பத்து வயது.

ரேடியோக்காரர் கடை இருந்த சந்துக்குள் கார் நுழையாது. முனையில் நிறுத்திவிட்டு நடந்தோம். சொந்தக் கடையின் ஷட்டரிலேயே தலை இடிக்கும் அளவுக்கு உயரமான மனிதர். காருக்குள் ஏறும்முன் சோப்புப் போட்டுக் கை கழுவினார். "வெள்ளை உறை போட்ட சீட்டு. கறை பட்டா சாரு திட்டுவாரு, மேடம்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "இன்னா பாப்பா, சும்மா குந்திகினு கீறே? இந்த ஒயரப் புடி" என்றார். நான் பிடித்தேன். அவர் ரேடியோவைக் கழற்றி, அந்த இடத்தில் ஒரு பழைய கேஸட் பிளேயரைப் பொருத்தினார். யார் வீட்டிலோ உடைந்துபோன ரேடியோகிராமிலிருந்து எடுத்த இரண்டு ஸ்பீக்கர்களுக்கு மரப்பெட்டி செய்து, பின்கண்ணாடிக்குக் கீழே வைத்தார். ஒயரைக் கால்மிதிக்கு அடியில் கொண்டுபோய், பின்சீட்டுக்குக் கீழே முறுக்கிச் சேர்த்துக் கறுப்பு டேப் சுற்றினார். சாவி போடாமலே பாடும்படி பேட்டரியிலிருந்து நேராக இணைப்புக் கொடுத்தார். அத்தை அத்தனை நேரமும் வெயிலில் நின்றுகொண்டே இருந்தாள்.

அன்று சாயங்காலம் அப்பா எங்களை லஸ், மந்தைவெளி, பெசன்ட் நகர் கடற்கரை என்று சுற்ற வைத்தார். ஜன்னல்களை இறக்கிவிடச் சொன்னார். தனி ஆவர்த்தனம் வந்தபோது பின்சீட்டிலிருந்து என் தோளில் தாளம் போட்டார்.

அடுத்த சனிக்கிழமை வலதுபக்க ஸ்பீக்கர் நின்றுவிட்டது. பாட்டு இருந்தது, மிருதங்கம் இருந்தது.

"வயலின்காரர் எழுந்து போயிட்டார்" என்றார் அப்பா.

ஞாயிறன்று நானும் அத்தையும் போய்ச் சரிசெய்துகொண்டு வந்தோம். மறு வாரம் மறுபடி வயலின் எழுந்து போனது. அதற்கடுத்த வாரம் இரைச்சல். பிறகு மறுபடி வயலின். ஒயரை முறுக்கி டேப் சுற்றும் வேலை கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும் என்பது எனக்கே தெரிந்துவிட்டது. ஆனால் ரேடியோக்காரர் அதற்குச் சாயங்காலம்வரை எடுத்துக்கொண்டார். ஸ்க்ரூடிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு, அத்தை சொல்வதைக் கேட்டுக்கொண்டிருப்பார். எனக்குப் பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்துக் காரில் உட்கார வைத்துவிடுவார்கள். சீட்டு தொடையைச் சுடும். நான் ஜன்னலை ஏற்றுவேன், இறக்குவேன், கதவைத் திறந்து திறந்து சாத்துவேன். அத்தை சிரிக்கிற சத்தம் சந்துக்குள்ளிருந்து வரும். வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. பழுதான ஸ்பீக்கரில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு ஆத்திரமாக வரும்.

ஆத்திரத்துக்குக் காரணம் இருந்தது. மெட்ராஸுக்கு டெலிவிஷன் வந்த புதிது. ஞாயிறு சாயங்காலம் எதிர்வீட்டில் சினிமா. தெருப் பிள்ளைகள் எல்லோரும் முன்னாலேயே போய்த் தரையில் இடம் பிடித்துவிடுவார்கள். நாங்கள் திரும்பும்போது பாதிப் படம் ஓடியிருக்கும். யார் யாரைக் கல்யாணம் செய்துகொள்ளப்போகிறார்கள் என்பது தெரியாமலே ஒவ்வொரு வாரமும் அழுகைக் கட்டத்தில் போய் உட்காருவேன்.

அப்பாவும் பொறுமை இழந்துகொண்டிருந்தார். "அந்த ஆசாமிக்கு வேலையே தெரியல. வேற யார்கிட்டயாவது காமிச்சா என்ன?"

"பழகின கை, அண்ணா. வேற ஒருத்தர் தொட்டா மொத்தமும் கெட்டுப்போயிடும்" என்றாள் அத்தை, நின்றபடியே மோர்சாதம் சாப்பிட்டுக்கொண்டு. ஒருநாள் அம்மா ஊறுகாய் ஜாடியைத் தேட, "அங்கதான் கீது, மன்னி" என்றாள். அம்மாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது. அத்தை, "ஆபீஸ்ல எல்லாரும் இப்படிப் பேசறா, வாய்ல ஒட்டிண்டுடுத்து" என்று சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்தப் போனாள்.

அந்தச் சமயத்தில்தான் நங்கநல்லூரிலிருந்து ஒரு வரன் வந்தது. மனைவியை இழந்தவர், இரண்டு குழந்தைகள். ஜாதகம் பொருந்திவிட்டது. வருகிற வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். அம்மா இப்போதே முந்திரிப் பருப்பு வாங்கி வைத்துவிட்டாள். அத்தை சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தாள். அந்தச் சனிக்கிழமை வயலின் மறுபடி எழுந்து போனது.

எனக்குப் போதும் போதுமென்று ஆகிவிட்டது. மறுநாள் நல்ல படம் என்று தெருவே பேசிக்கொண்டிருந்தது. சாயங்காலம் யாரும் கவனிக்காதபோது காருக்குள் ஏறிப் பின்சீட்டைத் தூக்கினேன். ஒயர் அறுந்திருக்கவில்லை. டேப் முழுசாகப் பிரிக்கப்பட்டு, முறுக்கு ஒழுங்காகக் கழற்றப்பட்டிருந்தது. பக்கத்தில் ஒரு ஹேர்பின் கிடந்தது. ரேடியோக்காரர் செய்வதைப் பார்த்திருந்தபடியே இரண்டு முனைகளையும் சேர்த்து முறுக்கி, அதே டேப்பைச் சுற்றினேன். பட்டனைத் தட்டினேன். வயலின்காரர் வந்து உட்கார்ந்துவிட்டார்.

பெருமை தாங்காமல் அப்பாவிடம் ஓடினேன். அவர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

"அப்பா, நானே சரி பண்ணிட்டேன்! ஒயர் தானா விட்டுப்போகலப்பா. யாரோ பிரிச்சு எடுத்திருக்கா. அத்தையோட ஹேர்பின்கூட அங்கதான் விழுந்து கிடந்தது, இந்தா."

அப்பா ஹேர்பின்னை வாங்கி, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "இதை யார்கிட்டயும் சொல்லாதே. அம்மாகிட்டயும்" என்றார். ஒரு சபாஷ்கூட இல்லை.

மறுநாள் மத்தியானம் அத்தை புதுப்புடவை கட்டிக்கொண்டு, காரில் ஏறி, பட்டனைத் தட்டிப் பார்த்தாள். இரண்டு பக்கமும் கணீரென்று பாடியது. அவள் சத்தத்தைக் கூட்டினாள், குறைத்தாள். மறுபடி கூட்டினாள். பின்சீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அப்பா டியூஷன் அறை ஜன்னலிலிருந்து, "சரியாயிடுத்து போலிருக்கே. இன்னிக்குப் போக வேண்டாம்" என்றார். நான் எதிர்வீட்டுக்கு ஓடினேன். முதன்முறையாக ஒரு படத்தைப் பெயர் போடுவதிலிருந்து பார்த்தேன்.

அந்த வாரம் எங்கள் வீடு தலைகீழாக மாறியது. அத்தை உட்கார்ந்திருந்தாள். அலுவலகத்திலிருந்து வந்து, நாற்காலியில் உட்கார்ந்தால், விளக்கு வைத்த பிறகும் அதே நாற்காலியில் இருந்தாள். ஜன்னல் படீர் படீரென்று அடித்துக்கொண்டாலும் எழவில்லை. அவள் பங்குக்கு அப்பா நடந்தார். கூடத்தில் நடந்தார், தெருவில் நடந்தார், காரைச் சுற்றி நடந்தார். அத்தை எதிரே போய் நிற்பார், எதையோ கேட்க வாயெடுப்பார், "காபி ஆச்சா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவார். வியாழக்கிழமை அம்மாவிடம், "நங்கநல்லூர்க்காராளை நாளைக்கு வர வேண்டாம்னுட்டேன். எனக்கு ஜுரம்னு சொல்லியிருக்கேன்" என்றார்.

"உங்களுக்கா? ஜுரமா?" என்று அம்மா அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். ஜில்லென்று இருந்ததாம்.

ஞாயிறு காலை காரில் சத்தமே இல்லை. வயலின் மட்டுமல்ல, மிருதங்கம், பாட்டு, எல்லாமே போய்விட்டது. நான் பின்சீட்டைத் தூக்கினேன். முன்பு போல அழகாகப் பிரித்திருக்கவில்லை. யாரோ பிளேடால் கண்ணைக் கட்டிக்கொண்டு அறுத்தமாதிரி, இரண்டு பக்கத்து ஒயரும் துண்டுதுண்டாகக் கிடந்தன. அத்தை முந்தின நாள் முழுக்கக் காரின் பக்கமே வரவில்லை என்பது எனக்குத் தெரியும். எலியாக இருக்குமோ என்று நினைத்தேன். முறுக்கத் தொடங்கியபோது அப்பா வந்து நின்றார்.

"கையை எடு. அதுக்கு ஆள் இருக்கார்" என்றார். பிறகு உள்ளே பார்த்து, "வண்டி ரிப்பேர்! கிளம்பு. இன்னிக்கு டியூஷன் இல்ல, நானும் வரேன்" என்று அத்தையைக் கூப்பிட்டார். அத்தை வெளியே வந்து அவர் முகத்தைப் பார்த்தாள். அவள் ஓட்ட, நாங்கள் கிளம்பினோம். சிக்னலில் இரண்டு தடவை வண்டி நின்றுபோனது.

அப்பாவைக் கண்டதும் ரேடியோக்காரர் முக்காலியைத் துடைத்துப் போட்டார். அப்பா என்னைச் சோடா வாங்க அனுப்பினார். நான் வேண்டுமென்றே ஓடிப் போய் ஓடி வந்தேன், சீக்கிரம் கிளம்ப வேண்டுமே என்று. அதற்குள் என்ன பேசினார்களோ, அத்தை சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டிருந்தாள்.

"ஆத்துல யார் யார் இருக்கா?" என்று அப்பா கேட்டுக்கொண்டிருந்தார்.

"அம்மா மட்டும்தான் சார். நைனா நான் சின்னப் புள்ளையா இருக்கசொல்லவே பூட்டாரு."

"அடுத்த ஞாயித்துக்கிழமை அம்மாவை அழைச்சுண்டு நம்மாத்துக்குச் சாப்பிட வாங்கோ. எங்காத்துல காரம் கொஞ்சம் கம்மியா இருக்கும்."

ரேடியோக்காரர், "சார்..." என்றார். காரில் ஏறி ஒயரை எடுத்தவர், கை கழுவ மறந்துவிட்டார். டேப்பின் நுனி அவருக்குக் கிடைக்கவே இல்லை. நான்தான் பிரித்துக் கொடுத்தேன். வாராவாரம் கழன்று விழுகிற வேலையைச் செய்தவருக்கு விருந்தா என்று எனக்கு வயிறு எரிந்தது. நன்றாகச் சரிசெய்த எனக்கு ஒரு மிட்டாய்கூட வாங்கித் தரவில்லை.

அந்தத் தை மாதம் வடபழனி கோயிலில் கல்யாணம் நடந்தது. அம்மாவின் பிறந்த வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. அப்பாவின் அண்ணா அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் படி ஏறவே இல்லை. அப்பா கடைசிவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. இதெல்லாம் பிற்பாடு. அன்றைக்கு எனக்கு ஒரே கவலை, படம்.

கூவம் பாலம் தாண்டும்போதே இருட்டத் தொடங்கிவிட்டது. "நானே சரி பண்ணியிருப்பேனேப்பா. அநியாயமாப் படம் போச்சு" என்றேன். முதல்முறையாக அப்பா முன்சீட்டில், அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வழியில் கேஸட்டையும் போடச் சொல்லவில்லை. அத்தை ஒரு கையால் ஓட்டிக்கொண்டு, மறு கையால் முகத்தைத் துடைத்தபடியே இருந்தாள்.

"அத்தை ஏன்ப்பா அழறா?"

"கூவம் நாத்தம். கண்ணைக் கரிக்கறது" என்றார் அப்பா. அவரும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

நான் வெளியே பார்த்தேன். லஸ் முனையில் பூக்கடைகளுக்கு விளக்குப் போட்டுவிட்டார்கள்.

"கூவம் அப்பவே தாண்டியாச்சேப்பா" என்றேன்.

இருவரும் சிரித்தார்கள். எதற்கென்று எனக்குச் சொல்லவில்லை.