பன்னிரண்டு வாரக் கழகத்தின் தலைவர்

முட்டையை உரித்து முடிக்கும்வரை குவாபரா தெட்சுஜி யார் கேள்விக்கும் பதில் சொல்வதில்லை. டொயோஹாஷி ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் அந்தக் கடையில், காலை பதினோரு மணிக்குள் காபி சொன்னால் ரொட்டியும் அவித்த முட்டையும் கேட்காமலே வந்துவிடும். சனிக்கிழமைதோறும் அந்த முட்டையின் ஓட்டை ஒரு சில்லுகூட மேசையில் சிந்தாமல் உரித்து, உப்புத் தொட்டு, இரண்டே கடியில் முடித்து, விரலைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் தீர்ப்பு வரும்.

"பன்னெண்டு வாரம். அதுக்குள்ள சண்டைய ஆரம்பிச்சு, முடிச்சு, வீட்டுக்குப் போகத் தெரியணும். தெரியாதவன் கத்தியத் தொடக் கூடாது."

ஒரே சீசனில், பன்னிரண்டே வாரங்களில் முடிந்துபோகும் அடிதடி அனிமே எனும் ஜப்பானியச் சித்திரத் தொடர்களைப் பற்றித்தான் பேச்சு. இரண்டாவது சீசன் என்ற சொல்லைக் கேட்டாலே, கல்யாண வீட்டில் கடன்காரனைப் பார்த்தவர் மாதிரி முகம் திருப்பிக்கொள்பவர் குவாபரா. அப்படிப்பட்டவர் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் தம் கைப்பட அஞ்சலட்டை எழுதி இரண்டாவது சீசன் கேட்டார் என்று போன மாதம் ஒரு வதந்தி கிளம்பியது. கிளப்பியவர் பக்கத்து மேசைக்காரரான ஒகிட்சு.

ஒகிட்சு பக்கத்து மேசைக்குப் போன கதை முக்கியம். குவாபரா நிறுவி, தலைமை தாங்கி நடத்திவரும் பன்னிரண்டு வாரக் கழகத்தில் ஆரம்பத்தில் ஐந்து பேர். இரண்டாவது சீசன் கேட்பவருக்கு இங்கே இடமில்லை என்பது முதல் விதி. இரண்டாவது விதி எழுதப்படவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் 'துருப்பிடித்த மின்னல்' தொடரைத் தொடரச் சொல்லி இணையத்தில் யாரோ கையெழுத்து வாங்க, சிகுவா மீன்குழல் கடை வைத்திருக்கும் ஒகிட்சுவும் போட்டுவிட்டார். குவாபராவும் அவரும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். அது தீர்மானத்தில் இடம்பெறவில்லை. 'கொள்கைக்கு முரணாக நடந்துகொண்டதால், அடிப்படை உறுப்பினர் பதவி உட்பட அனைத்துப் பொறுப்புகளிலிருந்தும் நீக்கப்படுகிறார்' என்று செயலாளர் நிவா கசுமி எழுந்து நின்று வாசித்தார். ஒகிட்சு கோப்பையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து மேசைக்கு மாறினார். அன்றிலிருந்து எல்லாச் சனிக்கிழமையும், அதே நேரம், அதே காபி, எல்லாம் காதில் விழும் தூரம். தீர்மானம் காதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

குவாபராவின் கருத்துகளை அவருடைய தொழில் பரப்புகிறது. அவர் டிரைவிங் ஸ்கூல் பயிற்சியாளர். இருபத்தாறு ஆண்டுகளில் அவரிடம் கற்றவர்கள் பின்பக்கமாக வண்டி நிறுத்தக் கற்றார்களோ இல்லையோ, வில்லனுக்கு எத்தனை தளபதிகள் இருக்கலாம் என்பது எல்லோருக்கும் தெரியும். இரண்டு.

"நாலுன்னு வெச்சா என்ன ஆகும்? ரெண்டு பேரோட சண்டை போடவே எட்டு வாரம் போயிடும். மிச்ச ரெண்டு பேரும் வழியிலேயே செத்துட்டாங்கன்னு ஒரு சிப்பாய் ஓடி வந்து சொல்லுவான். இண்டிகேட்டர் போடு."

கழுத்துக்குக் கத்தி வந்த பிறகு நாயகனுக்குத் தாயார் நினைவு வருவது அவருக்குப் பிடிக்காது. "காலைலயே நெனச்சிருக்கலாமே, சும்மாதானே நடந்து வந்தான்." கதை நகராமல் எல்லோரும் கடற்கரைக்குப் போய்த் தர்பூசணி உடைக்கும் ஐந்தாவது வாரத்தைத் திருட்டு என்பார். எட்டாவது வாரத்தில் மட்டும் மனிதர் இளகிவிடுவார். மூக்கும் வாயும் இடம் மாறி, கூட்டத்தில் நிற்பவர்களுக்கு முகமே இல்லாமல் படம் வரும் வாரம் அது. "கடைசிச் சண்டைக்கு வரையற கைய சேத்து வெக்கிறாங்கப்பா. அத மன்னிக்கத் தெரியாதவன் ரசிகனே இல்ல."

பன்னிரண்டாவது வாரம் என்றால் அவருக்கு ஒன்றுதான். 'துருப்பிடித்த மின்னல்' கடைசிக் காட்சியில் நாயகன் ரொக்குதா, பகைவனைத் துரத்தி ஏழு மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து குதிக்கிறான். அந்தரத்தில் இருக்கும்போதே திரை இருட்டிவிடும். அவ்வளவுதான். நாடே திட்டியது, தாம் எழுந்து நின்று கைதட்டியதாகக் குவாபரா சொல்வார். "குதிச்சான். அது கதை. இறங்கறது அவன் பாடு."

அந்தத் தொடருக்கு நகோயாவில் ஒரு டிபார்ட்மென்ட் கடையின் எட்டாவது மாடியில் கண்காட்சி வைத்திருந்தார்கள். ஒகிட்சு தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, அடுத்த சனிக்கிழமை, யாரிடமும் இல்லாமல் சர்க்கரைக் கிண்ணத்திடம் சொன்னார்:

"அந்தக் காலத்துல டிஸ்க் பெட்டிக்குள்ள கருத்துக் கேட்டு ஒரு அட்டை வெச்சிருப்பாங்கல்ல, அதெல்லாம் செவுத்துல ஒட்டியிருக்காங்க. ஒண்ணுல 'ஐச்சி மாகாணம், வயசு முப்பத்தொண்ணு, டிரைவிங் ஸ்கூல் பயிற்சியாளர்'னு போட்டிருக்கு. நான் யாரையும் சொல்லல."

டொயோஹாஷி இருப்பது ஐச்சியில். குவாபராவுக்கு இப்போது நாற்பத்தொன்பது. பல் மருத்துவரான உறுப்பினர் மேசைக்கடியில் விரல்விட்டுக் கழித்துப் பார்த்தார்.

"ஐச்சியில பயிற்சியாளருக்கா பஞ்சம்?" என்றார் குவாபரா. அன்று அவர் உரித்த முட்டையில் வெள்ளைக்கருவில் பாதி ஓட்டோடு போயிற்று.

விசாரித்து அடுத்த கூட்டத்தில் அறிக்கை வைக்கும் பொறுப்பு செயலாளர் தலையில் விழுந்தது. நிவா அதே டிரைவிங் ஸ்கூலில் வரவேற்பு மேசைக்காரர். தலைவரின் கையெழுத்து அவருக்கு மனப்பாடம்: மாணவர்களின் பயிற்சிப் புத்தகத்தில் பென்சிலால் கோடு போட்டு, கோட்டின் மேல் பேனாவால் எழுதுவார், கோட்டை அழிக்க மாட்டார். நிவா விடுப்பு எடுத்துக்கொண்டு ரயிலேறினார். எட்டாவது மாடியில் இருநூறு அட்டைகளுக்கு நடுவே அந்த அட்டை இருந்தது. பென்சில் கோடுகளும் இருந்தன. 'தொடரின் அடுத்த பகுதியை விரும்புகிறீர்களா?' என்ற கேள்விக்கு 'மிகவும்' என்பதைச் சுற்றிய வட்டம், அட்டை குழிவிழும் அளவுக்கு அழுத்தமாக இருந்தது. கீழே இரண்டு வரிகள். நிவா அவற்றை நான்கு முறை படித்துவிட்டு, ஒன்றும் வாங்காமல் கீழே இறங்கி வந்தார்.

கேட்பது எப்படி என்பதுதான் சிக்கல். அலுவலகத்தில் தலைவர் சிக்க மாட்டார். நிவாவிடம் பதினொரு ஆண்டுப் பழைய லைசென்ஸ் ஒன்று உண்டு. வாங்கிய நாளிலிருந்து வண்டியைத் தொட்டதில்லை. இந்த ஊரில் அப்படிப்பட்டவர்களைப் பேப்பர் டிரைவர் என்பார்கள். டிரைவிங் ஸ்கூல் வரவேற்பில் அமர்ந்துகொண்டு பேப்பர் டிரைவராக இருப்பதை நிவா யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை. வெள்ளிக்கிழமை மதியம், தம் பெயரில் ஐம்பது நிமிடப் பயிற்சியைப் பதிவுசெய்தார். பயிற்சியாளர் கட்டத்தில் குவாபரா.

வண்டி முப்பது கிலோமீட்டர் வேகத்தில் ஆற்றங்கரைச் சாலையில் போயிற்று.

"தலைவரே, போன செவ்வாக்கெழமை நகோயா போயிருந்தேன்."

வண்டி நின்றது. பயிற்சியாளர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு.

"பூனை," என்றார் குவாபரா.

"எங்க?"

"போயிடுச்சு. ஓட்டு."

"அந்தக் கண்காட்சிக்குத்தான் போனேன்."

மறுபடியும் நின்றது.

"இது வேற பூனையா?"

"அதேதான். திரும்பி வருது." அவர் கண்ணாடியைப் பார்த்தார். "ஓரமா நிறுத்து, நிவா."

நிவா கடைத்தெருப் பக்கம் திரும்பி, அடுக்குமாடிக் கார் நிறுத்தத்தை ஒட்டி சரியாக ஓரங்கட்டினார். பதினொரு ஆண்டுகளில் முதல் முறை. யாரும் பாராட்டவில்லை.

"பென்சில் கோட நீங்க அழிக்கவே மாட்டீங்களா தலைவரே?"

குவாபரா கொஞ்ச நேரம் சீட் பெல்ட்டைச் சரிசெய்தார். அது சரியாகத்தான் இருந்தது.

"கீழ எழுதினதையும் படிச்சியா?"

"படிச்சேன்." நிவா சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "'முடியாவிட்டால் பரவாயில்லை. ரொக்குதா பத்திரமாகத் தரையில் இறங்கினானா, அதை மட்டும் எனக்குத் தெரிவியுங்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன்.'"

"சொல்லியிருக்க மாட்டேன்தான்," என்றார் குவாபரா.

"அப்புறம் ஏன் கழகம்?"

"வெளிய இருக்கறப்ப ஒண்ணுமில்ல. நாலு பேர்கிட்ட 'குதிச்சான், போதும்'னு சொல்லிட்டா எனக்கே போதும்னு ஆயிடும். குளியல் தொட்டியில உக்காந்தாத்தான் வம்பு. பதினெட்டு வருஷமா அந்தரத்துலயே நிக்கிறான். தண்ணி ஆறிப்போற வரைக்கும் நிக்கிறான்."

நிவாவுக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கவில்லை. நாளைக்கு அறிக்கை. கழகத்தின் பதினொரு ஆண்டுச் சனிக்கிழமைகளும் இப்போது அவர் நாக்கு நுனியில் இருந்தன.

"வேற யாரோ பயிற்சியாளர்னு சொல்லிடறேன். யாரும் ரயிலேறிப் போய்ப் பாக்கப் போறதில்ல."

"ஒகிட்சு பாத்துட்டானே."

"அவருதான் நீக்கப்பட்டவராச்சே. அவர் பேச்சு குறிப்புல ஏறாது."

"அதான் தப்பு." குவாபரா தொண்டையைச் செருமிக்கொண்டார். "அன்னிக்கு அவனுக்குப் படிச்ச தீர்மானம் இருக்குல்ல, அதையே படி. பேர மட்டும் மாத்து."

"அடிப்படை உறுப்பினர் பதவியுமா?"

"உட்பட."

"எங்க உக்காருவீங்க?"

"அவன் மேசையில மூணு நாற்காலி சும்மாதான் கெடக்கு. உக்கார விடுவானான்னு தெரியல. நானா இருந்தா விட மாட்டேன்."

எதிர்ப்பக்கம் ஒரு கிழவர் நாயை இழுத்துக்கொண்டு போனார். நாய் வர மறுத்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்த குவாபரா, வேறு யாருக்காகவோ விசாரிப்பவர் குரலில் கேட்டார்:

"அந்த அட்டைக்குப் பக்கத்துல, பதில் எதாவது ஒட்டியிருந்தாங்களா?"

"இல்ல தலைவரே."

"சின்னதா? ஓரத்துல?"

"நல்லாப் பாத்தேன். இல்ல."

"வேலை இருந்திருக்கும்," என்றார் குவாபரா. "எழுதுவாங்க."

பிறகு ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டுத் தலையை வெளியே நீட்டினார். பக்கத்தில் இருந்த கார் நிறுத்தத்தின் உச்சியை அண்ணாந்து பார்த்து, கதவின்மேல் வைத்த விரலால் தட்டித் தட்டி ஒவ்வொரு மாடியாகக் கீழே இறங்கி வந்தார். ஏழு, ஆறு, ஐந்து. இரண்டாவது மாடியில் விரல் நின்றுவிட்டது. கீழே, குதித்தவன் இறங்க வேண்டிய நடைபாதையில், யாரோ சைக்கிளை நிறுத்திப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நகரும்வரை காத்திருந்து, மறுபடியும் உச்சியிலிருந்து எண்ண ஆரம்பித்தார்.