குரல் வராத பெயர்

பனியன் கம்பெனிகள் நிறைந்த மண்ணரையில், குழந்தைகளின் கேட்கும் திறனை ஆராயும் எங்கள் ஆய்வறைக்கு, பனியன் துணி பின்னும் நிட்டிங் மெஷின் ஆபரேட்டரான ஒரு பெண் தன் ஆறு மாதப் பெண் குழந்தையோடு வந்தார். கூந்தலெல்லாம் பஞ்சுத் துகள்.

"நாங்க குடியிருக்கற ஊடும் மெஷினு ஓடற கட்டடத்துலயேதானுங்க," என்றார்.

குழந்தைக்கு சென்சார் தொப்பி மாட்டி, "பா, பா" என்று ஒலிக்கவிட்டு, நடுவில் ஒரு "தா"வை நுழைப்போம். மாற்றத்தை மூளை கவனித்தால் அலை எழும். எனக்கு அது ஒவ்வொரு முறையும் மாயம்தான்.

"முடியற வரைக்கும் பேசாதீங்கக்கா," என்றேன்.

அவர் பேசவில்லை, உதடுகள் மட்டும் அசைந்துகொண்டே இருந்தன. மெஷின் இரைச்சலில் வேலை செய்பவர்கள் உதட்டாலேயே பேசிப் பழகியவர்கள். குழந்தை அந்த உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தது.

முடிவில் எல்லாப் பதிவுகளையும் கூட்டிப் பார்த்தால், "தா"வுக்கு அலை தெளிவாக எழுந்திருந்தது.

"பாப்பாவுக்கு சத்த வித்தியாசமே தெரியுதுங்கக்கா!"

"அப்பறம் ஏனுங்க தம்பி, நான் கூப்பிட்டா திரும்பறதே இல்ல? உன்னையப் பாப்பாவுக்குப் புடிக்கலையாட்ட இருக்குதுன்னு ஊட்டுக்காரரு கேலி பண்றாரு. நெசமாவே புடிக்கலீங்களா?"

"இப்பக் கூப்பிடுங்க, பார்க்கலாம்."

குழந்தை என் கையிலிருந்த கிலுகிலுப்பையில் மூழ்கியிருந்தது. அவர் அதன் பின்னால் நின்று கூப்பிட்டார். உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை.

"கொஞ்சம் சத்தமாங்கக்கா."

கழுத்து நரம்பு புடைக்க மறுபடி கூப்பிட்டார். அறை அப்படியே அமைதியாக இருந்தது.

"அக்கா, உங்க குரலே வரலீங்க."

"வெளையாடாதீங்க தம்பி," என்றார், கண் கலங்கி. "மெஷினு ஓடறப்ப ஊட்டுலயும் இப்படித்தானுங்க கூப்பிடறேன், இவ்வளவு சத்தமா!"

எங்கள் பதிவில் குழந்தைகளுக்கு எண் மட்டும்தான். அவர் என் கண்ணெதிரே இரண்டு முறை கூப்பிட்ட அந்தப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது.