தாயின் பெயர்: வாசிக்க முடியவில்லை

ஸினாயிதா பிலிபிவ்னாவுக்குக் கையில் வேகம் அதிகம். வாயில் அதைவிட அதிகம். கார்கிவ் பக்கத்து எங்கள் ஊர்ப் பதிவு அலுவலகத்தில், பழைய பிறப்புப் பதிவேடுகளைப் பார்த்துக் கணினியில் ஏற்றும் வேலை வந்தது. நாளுக்கு இருநூறு பதிவுகள். மூன்று மணிக்குள் முடித்துவிட்டு, அடுத்த மேசையில் திணறும் என்னைப் பார்த்து, "பதிவேட்டுலயே குடித்தனம் பண்ணப் போறியா?" என்பாள். கையெழுத்து புரியாவிட்டால் 'வாசிக்க முடியவில்லை' என்று போடலாம் என்பது விதி.

போரில் அலுவலகம் எரிந்தது. பதிவேடு ஒன்றுகூட மிஞ்சவில்லை. நாங்கள் ஏற்றியது மட்டும் எங்கோ வெளிநாட்டில், கிளவுடில் பத்திரமாக இருந்தது. ஊர் மீண்டதும் அதை இறக்கினோம். தெருவில் நிறுத்திக் கைகொடுத்தார்கள். ஸினா ஒரு மாதம் தரையில் கால் பாவாமல் நடந்தாள்.

அப்புறம்தான் மெலானியா எவ்ஸ்தாஃபியிவ்னா வந்தார். அவர் மகன் ஒஸ்தாப் போர்முனையில் காணாமல் போயிருந்தான். வீட்டோடு காகிதங்களும் போய்விட்டன. தாய் என்று சான்று காட்டாமல், அவனைப் பற்றி ராணுவ அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்களாம்.

ஸினா தேடினாள். பிள்ளையின் பெயர் இருந்தது. தாயின் பெயருக்கு நேரே, 'வாசிக்க முடியவில்லை.' பக்கத்தில் ஏற்றியவர் என்று ஸினாவின் பெயரே, தேதி, நேரம். மே மாதத்து வெள்ளிக்கிழமை, இரண்டு ஐம்பது. உருளைக்கிழங்கு நட எல்லாரும் தோட்டத்துக்கு ஓடும் வாரம். பேருந்தைப் பிடிக்க அவள் ஓடியது எனக்கே நினைவிருக்கிறது.

மெலானியாவோ அவளைத் தேற்றினார். "விடு கண்ணு. எங்கப்பன் பேரும் சேர்ந்து அது முழ நீளம். யாரால வாசிக்க முடியும்?"

ஸினாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனது. யாரும் அழைக்காமலே ஸினா சாட்சி சொல்ல வந்தாள். துணைக்கு நானும் போனேன்.

"வாசிக்க முடிஞ்சுது ஐயா. முத்து முத்தான எழுத்து. நீளமா இருக்கேன்னு விட்டுட்டேன். மெலானியா எவ்ஸ்தாஃபியிவ்னா கொவ்துன். இதோ, இவங்கதான்."

மெலானியா அவள் பக்கம் திரும்பவே இல்லை. நீதிபதி எழுதிக்கொண்டார். இப்படி இன்னும் எத்தனை என்று கேட்டார்.

"நாப்பத்தொண்ணு," என்றாள். யோசிக்கக்கூட இல்லை.

தாய்க்குச் சான்று கிடைத்தது. ஸினாவை ஊரே ஏசியது. கடை வரிசையில் அவள் காதுபடவே ஏசினார்கள். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். அவள் கேலிக்குப் பயந்து நான் அப்படி ஏற்றியவை பதினேழு. அத்தனையும் நல்ல எழுத்து. என்னை யாரும் கேட்கவில்லை. நானும் இதுவரை வாய் திறக்கவில்லை.