வாமதேவனின் பனியில்லாத பாதை

மலை ஏறப் போகிறவர்கள் வானிலை அறிக்கையைப் பார்ப்பார்கள். வாமதேவன் அண்ணா கடைக்காரர்களைக் கூப்பிடுவார். பிரிட்டனில் எந்த மலையடிவாரத்துக்குப் போனாலும் ஒரு பெற்றோல் செட்டிலோ சின்னக் கடையிலோ யாழ்ப்பாணத்து ஆள் ஒருவர் நிற்பார் என்பது அவருடைய நம்பிக்கை. அப்படிச் சேர்த்த எண்கள் ஒரு நோட்டு நிறைய இருக்கின்றன; அவர் அதைக் கொப்பி என்பார். “தம்பி, ஒருக்கா வெளியில வந்து மேல பாருங்கோ. ஸ்னோ கிடக்கோ?” என்று கேட்பார். தம்பியும் வாடிக்கையாளரை நிற்க வைத்துவிட்டு வெளியே வந்து பார்த்துச் சொல்வார்.

நான் பிரியம்வதா, திருச்சிக்காரி. லண்டன் ஹவுன்ஸ்லோவில் அண்ணா வீட்டுக்கு அடுத்த வீடு. மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பது என் தொழில். வீட்டிலும் அதையேதான் செய்கிறேன் என்று என் கணவர் புலம்புவார். அதனால் இந்தக் கொப்பி விவகாரத்தை நான் சும்மா விட்டதில்லை.

“அண்ணா, மலை உச்சியிலேயே கேமரா வச்சிருக்காங்க. என் போன்ல பாருங்க.”

“கேமரா என்னோட கதைக்குமோ தங்கச்சி?” என்பார். அத்தோடு பேச்சு முடிந்தது.

அவருக்கு ஐம்பத்தொன்பது வயது. நோர்வேயின் வடகோடியில் பதினொரு வருடம் மீன் பெட்டி அடுக்கிவிட்டு லண்டன் வந்தவர். இப்போது விமான நிலையத்தில் பெட்டி இறக்குகிறார். ஈஸ்டர் தொடங்கிவிட்டால் செப்டம்பர் வரை விடுமுறை கேட்கவே முடியாது. ஆகவே அவரும் மனைவி சுசிலா அக்காவும் மலைக்குப் போவது மார்ச் மாதக் கடைசியில்தான். ஒன்பது வருடம் தவறாமல் போனார்கள்.

இரண்டு வருடங்களுக்கு முன்னால், ஜனவரியில், பஸ் நிறுத்தத்தில் உறைந்து கிடந்த பனியில் அக்கா வழுக்கி விழுந்தார். கணுக்காலில் தகடு வைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது, பயம் போகவில்லை. புல்லில் லேசாக வெள்ளை படிந்திருந்தாலும் அன்றைக்கு அவர் வாசற்படி தாண்ட மாட்டார். அதன் பிறகு வந்த இரண்டு மார்ச்சிலும் அண்ணாவும் மலைக்குப் போகவில்லை. அவள் வராத மலையில் எனக்கென்ன வேலை என்று சோபாவிலேயே கிடந்தார். பார்க்கச் சகிக்கவில்லை.

இந்த வருடம் அக்காவைக் கெஞ்சிக் கூத்தாடி ஒப்புக்கொள்ள வைத்தார். அக்கா என் சமையலறையில் நின்றபடியே நிபந்தனை போட்டார்.

“ஸ்னோவில ஒரு அடிகூட வைக்க மாட்டன். வழியில கண்டால் திரும்பிடுவன். பிறகு மலை எண்ட கதையே எடுக்கக் கூடாது. சம்மதமோ?”

“ஓம்,” என்றார் அண்ணா. ஆனால் முகம் வெளுத்துவிட்டது. இந்த ஒரு நாள் சொதப்பினால் இருவரும் சேர்ந்து நடப்பது அத்தோடு சரி என்று அவருக்குத் தெரியும்.

அந்த வாரம் முழுக்க ஷிப்ட் முடிந்து வந்ததும் கொப்பியும் கையுமாக உட்கார்ந்தார். ஏரி மாவட்டத்துக் கடை: வெள்ளைவெளேரென்று கிடக்கிறது. டார்பிஷயர் பெற்றோல் செட்: பாதி மலை தெரிகிறது, மீதி மேகத்துக்குள். கடைசியாக வேல்ஸில் பிரெக்கன் பக்கம் கடை வைத்திருக்கும் சந்திரகுமார்.

“ஒரு பொட்டும் இல்லை அண்ணை! பச்சைப் பசேலெண்டு கிடக்கு. வாறதெண்டால் எங்கட வீட்டில சாப்பிட்டுத்தான் போக வேணும்.”

எனக்கு அப்போதே சந்தேகம். அந்த ஊரில் குளிர்காலம் முழுக்க ஒரு தமிழ் முகத்தைப் பார்க்காத மனுஷன், விருந்தாளி வருவதென்றால் துருவத்திலேயே பனி இல்லை என்பார். நானும் என் பங்குக்குப் போனைப் பார்த்தேன். பத்து நாளாகப் பனிப்பொழிவு இல்லை, கேமராவிலும் பச்சைதான். ஹவுன்ஸ்லோ பூங்காவில் டாஃபடில் வேறு பூத்துத் தள்ளியிருந்தது. சரி, கிளம்பலாம் என்றேன். கார் என்னுடையது.

ஞாயிறு காலை பிரெக்கனில் சந்திரகுமாரின் மனைவி புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் கட்டிக் கொடுத்தார். காகிதத் தட்டில் சாப்பிடுவது அக்காவுக்குப் பிடிக்காது என்பதால் எங்கள் பையில் மூன்று எவர்சில்வர் தட்டுகள். மலைக்கு எவர்சில்வர் தட்டா என்று நான் சிரித்தேன்.

முதல் ஒரு மணி நேரம் அக்கா ஊன்றுகோலை ஊன்றி, தரையை மட்டுமே பார்த்து நடந்தார். பிறகு தலை நிமிர்ந்தது. அப்புறம் பேச்சு வந்தது. வெஸ்ட் ஈலிங் கோயிலில் யார் எந்தச் சேலை கட்டி வந்தார்கள் என்பதுவரை போனது. அண்ணா பத்தடி முன்னால் போய் ஒவ்வொரு வளைவையும் எட்டிப் பார்த்துவிட்டு, “ஒண்டும் இல்லை, வாங்கோ,” என்று கையசைப்பார். அத்தனை சந்தோஷமாக அவரை இரண்டு வருடமாக நான் பார்க்கவில்லை.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே பாதை வடக்கே திரும்புகிறது. அங்கே அண்ணா கையசைக்கவில்லை.

சந்திரகுமாரின் கடை மலைக்குத் தெற்கே. வெயில் படும் பக்கத்தைத்தான் அவர் பார்த்துச் சொன்னார். எந்தப் பக்கம் என்று அண்ணாவும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. வெயிலே எட்டாத அந்த மடிப்பில், பாதையின் குறுக்கே பதினைந்து அடி நீளத்துக்குப் பழைய பனி. ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் சரிவு. சுற்றிப் போக வழியில்லை. அதற்கு அப்பால் காய்ந்த பாதையும், உச்சியில் கற்குவியலும் நன்றாகத் தெரிந்தன.

அண்ணா மறைக்கவில்லை. திரும்பி வந்து, “சுசிலா, ஸ்னோ கிடக்கு,” என்றார்.

“அப்ப திரும்புவம்,” என்றார் அக்கா. திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலை. சந்திரகுமார் மேலும் என் போன் மேலும் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை.

“ஒரு மணித்தியாலம் இதில இரும்,” என்று அண்ணா அக்காவை ஒரு கல்லில் உட்கார வைத்தார். பையிலிருந்து ஒரு தட்டை எடுத்தார். பனிக்கு முன்னால் மண்டியிட்டு, சுரண்டத் தொடங்கினார்.

“அண்ணா, என்ன பண்றீங்க?”

“ஸ்னோவில கால் வைக்க மாட்டன் எண்டு அவ சொன்னதுக்கு ஓம் எண்டனான்தானே.”

எனக்கு வெட்கமாக இருந்தது, யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று. ஐந்து நிமிடம் நின்றேன். பிறகு இன்னொரு தட்டை எடுத்துக்கொண்டு நானும் மண்டியிட்டேன். மேலே கொழகொழவென்று வந்தது, அடியில் கல்லாக இருந்தது. ஒரு வெள்ளைக்காரத் தம்பதி வந்து, எதையாவது தொலைத்துவிட்டீர்களா என்று கேட்டார்கள். மனைவிக்கு வழி விடுகிறேன் என்றார் அண்ணா. அந்தப் பெண் தன் கணவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் பூட்ஸால் கொஞ்சம் பனியை உதைத்துத் தள்ளிவிட்டுப் போனார்.

முக்கால் மணி நேரத்தில் பன்னிரண்டு அடிக்கு ஈரப் புல் தெரிந்தது. மிச்சம் மூன்றடி இரும்பு மாதிரி. அண்ணா தட்டின் விளிம்பால் கொத்திக்கொண்டே இருந்தார். விரல்கள் சிவந்து, தட்டு கைநழுவிக்கொண்டிருந்தது.

எங்கள் பின்னால் ஊன்றுகோல் சத்தம் கேட்டது. அக்கா அந்த ஈரப் புல் மேல் நடந்து வந்து நின்றார்.

“காணும், எழும்புங்கோ. கையைப் பாருங்கோ, விறைச்சுப் போச்சு. என்ன விசர் வேலை இது!”

“இன்னும் கொஞ்சம்தான் இருக்கு சுசிலா.”

“தள்ளுங்கோ எண்டுறன்.”

அவர் தள்ளி உட்கார்ந்தார். அக்கா அவர் தோளைப் பிடித்துக்கொண்டு வலது காலைப் பனி மேல் வைத்தார். தகடு வைத்த கால் அதுதான். பிறகு இடது கால். தோளை விட்டார். இன்னும் இரண்டு எட்டு. காய்ந்த பாதையில் போய் நின்று திரும்பினார்.

“விழேல்லை,” என்றார். தனக்கே நம்ப முடியாதவர் மாதிரி இன்னொரு தரம் சொன்னார். “இஞ்சாருங்கோ, நான் விழேல்லை.”

அண்ணா எழுந்திருக்கவில்லை. பனியிலேயே உட்கார்ந்தபடி, மரத்துப்போன கையால் முகத்தை மூடிக்கொண்டு விசித்து விசித்து அழுதார். அக்கா ஊன்றுகோலைக் கீழே போட்டுவிட்டு, அந்த மூன்றடிப் பனியில் மறுபடி கால் வைத்து அவரை எழுப்ப வந்தார்.