மக்டலீனின் நத்தார் பியர்

மக்டலீன் உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு. வெங்காயம் உரிப்பது நின்றுகொண்டு, செபமாலை சொல்வது நடந்துகொண்டு. மன்னாரிலிருந்து இந்தக் குளிர்நாட்டுக்கு வந்து மல்வேர்னில் முப்பது வருடம் இருந்தார். அதில் இருபத்திரண்டு வருடம் ஒரு பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை. வீட்டில் பியர் காய்ச்ச அங்கே கூட வேலை செய்த போலந்துக்காரி ஒருத்தி பழக்கிவிட்டாள். மக்டலீன் அதற்குள் கறுவா, கராம்பு, ஏலக்காய், தோடம்பழத் தோல் எல்லாம் போட்டுத் தன்னுடையதாக்கிவிட்டார். ஒக்டோபரில் காய்ச்சினால் நத்தார்ப் பெருநாளுக்கு நாற்பத்தெட்டுப் போத்தல். முதலில் கோயில் ஆட்கள் சிரித்தார்கள். பிறகு மார்கழி பிறந்ததும் அவர்களே வந்து நின்றார்கள். "சும்மா பார்த்திட்டுப் போக வந்தனாங்கள்" என்பார்கள். கண் பேஸ்மென்ட் கதவில் இருக்கும்.

இந்த வருடமும் காய்ச்சி வாளியில் ஊற்றி மூடினார். பன்னிரண்டாம் நாள் காலை குசினியில் அடுப்பருகே விழுந்தார். மூளையில் இரத்தக் கசிவு. மூன்று நாளில் எல்லாம் முடிந்தது. வாளி கீழே அப்படியே இருந்தது.

மகன் மாக்கஸ் கடைகளின் பெரிய குளிர்பெட்டிகளைத் திருத்துகிறவன். பக்கத்து மோர்னிங்சைட்டில் தனியாக இருக்கிறான். அடக்கம் முடிந்த பிறகு தினமும் வேலைவிட்டு மல்வேர்னுக்கு வந்தான். அப்பா அருள்நாயகத்தோடு இரண்டு வார்த்தை, பிறகு நேரே பேஸ்மென்ட். அம்மாவின் கடைசி வாளி கெட்டுப்போகக் கூடாது. நத்தாருக்கு அது மேசைக்கு வரவேண்டும். வேறெதையும் அவனால் நினைக்க முடியவில்லை.

பியரில் மிச்சமிருக்கும் சீனியைக் காட்ட ஒரு கண்ணாடி மிதவை உண்டு. நான்கு நாளாக 1.014. போத்தலில் விடும் நாளன்று 1.016. நொதிக்கும் பியரில் அந்த எண் இறங்கும், அல்லது நிற்கும். ஏறாது. வேலையிடத்தில் இப்படி ஒரு எண்ணைக் கண்டிருந்தால் காரணம் தெரியும்வரை விட்டிருக்கமாட்டான். அன்று தன் கண்ணைக் குற்றம் சொன்னான். போத்தலுக்குள் வாயு பிடிக்க வேண்டிய சீனியை நிறுத்துக் கரைத்து ஊற்றினான். நாற்பத்தெட்டையும் மூடினான்.

மார்கழி முதல் ஞாயிறு மத்தியானம் அப்பா போன் எடுத்தார்.

"டேய், கீழ வெடிக்குது!"

"என்னப்பா வெடிக்குது?"

"போத்தில். நான் மேசைக்குக் கீழ இருக்கிறன். ஊரில ஷெல்லடிச்ச காலத்துப் பழக்கம்."

மாக்கஸ் வந்து பார்த்தபோது ஐந்து போத்தல் சிதறிக் கிடந்தது. சுவரெல்லாம் கராம்பு மணம்.

"என்ர அளவு சரி," என்றான். "நூற்றி முப்பது கிராம். நிறுத்துத்தான் போட்டனான்."

"நானும் கூடப் போடேல்லை," என்றார் அப்பா. "முக்கால் கோப்பைதான்."

மாக்கஸ் திரும்பினான். "நீங்களோ? எப்ப?"

"நீ போத்தில்ல விட்ட அண்டு காலமை. சீனி எப்பவும் என்ர வேலை. 'இஞ்சேருங்கோ, சீனி' எண்டு கொம்மா கீழயிருந்து கூப்பிடுவா. இந்த முறை கூப்பிட ஆளில்லை. நானாப் போய் வாளிக்குள்ள போட்டன்."

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே!"

"நீ என்னோட கதைக்கிறியே? விறுக்கெண்டு கீழ போவாய், விறுக்கெண்டு காருக்குப் போவாய்."

பதில் சொல்லுமுன் ஆறாவது வெடித்தது. இருவரும் குனிந்தார்கள்.

குளிர்ந்தால் வாயு பியருக்குள் அடங்கும். இதை மாக்கஸுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. காரிலிருந்து வேலைக்குப் போடும் கண்ணாடியும் தடித்த கையுறையும் எடுத்துவந்தான். அருள்நாயகம் குளிர்ச் சட்டைக்கு மேல் சோற்றுப்பானை மூடியை நெஞ்சுக்குப் பிடித்துக்கொண்டார். பெட்டி பெட்டியாகத் தூக்கிப் பின்வளவுப் பனிக்குள் வைத்தார்கள். மூன்று மணித்தியாலம் பொறுக்க வேண்டும். மாக்கஸ் வேலியோரம் போனான், வந்தான், போனான்.

"ஓரிடத்தில நில்லடா. எனக்குத் தலை சுத்துது."

"ஏலாதப்பா."

பிறகு மூடிகளை ஒவ்வொன்றாக மெல்ல நெம்பினான். சீறி, நுரைத்து, அடங்கியதும் புது மூடி போட்டான். பத்து நுரையாகவே போய்விட்டது. முப்பது தப்பியது. வாய் உடைந்த ஒரு போத்தலை வீசினான். இன்னொன்றில் பாதிதான் மிஞ்சியது; அதை இரண்டு கோப்பையில் ஊற்றினான்.

அப்பா ஒரு மிடறு குடித்து வாயை அசைத்தார்.

"கராம்பு கூட."

"என்ன?"

"ஒவ்வொரு வருசமும் கூடத்தான். பல்லுக்கொதிக்கு வைக்கிற மருந்துமாதிரி."

"அம்மாட்டைச் சொல்லேல்லையோ?"

"எப்பிடிச் சொல்லுறது? நான் வாய் திறக்கேக்கை அவ அடுத்த அறையில நிப்பா."

மாக்கஸ் குடித்துப் பார்த்தான். உண்மைதான். நாக்கு மரத்தது. கண் எரிந்தது, அது கராம்பு மட்டுமல்ல.

"அடுத்த வருசம் குறைப்பமோ?"

"விசர்க் கதை கதையாதை," என்ற அருள்நாயகம் கோப்பையை நீட்டினார். "உதில மிச்சமிருந்தா ஊத்து."